பாறையில் நட்ட தூண் வலுவானதா? ஏற்காடு மலைப்பாதையின் இரும்புத் தடுப்புகளைப் பற்றி

ஏற்காடு மலைப்பாதையில் ஒரு வளைவின் பள்ளத்தாக்குப் பக்கம் நின்று, இரும்புத் தடுப்பின் தூண்களை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்த்தேன். ஒரு தூண் கருங்கல்லுக்குள் இறங்கியிருந்தது. அடியில் கான்கிரீட் பூசி இறுக்கியிருந்தார்கள். இரண்டு மீட்டர் தள்ளி நின்ற அடுத்த தூண் செம்மண்ணில் நின்றது. முதலாவது மலையோடு பிறந்ததுபோல அசையவே இல்லை. இரண்டாவது, உடம்பின் பாரத்தையெல்லாம் சேர்த்து அழுத்தினால் ஒரு நூல் அளவுக்கு இளகியதுபோல் தெரிந்தது. எது உயிரைக் காக்கும் என்று அந்த வழியாகப் போகிற யாரைக் கேட்டாலும் பாறையில் நிற்பதைத்தான் காட்டுவார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பினேன். சாலையோரத் தடுப்பு எப்படி வேலை செய்கிறது என்று படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

முதலில், கையால் அழுத்திப் பார்ப்பது எதையுமே சொல்லாது. மனிதன் ஒருவன் தள்ளினால் முப்பது, நாற்பது கிலோ விசை. கார் மோதும்போது ஒரு தூணின்மேல் வருவது டன் கணக்கில். நம் நாட்டுத் தேசிய நெடுஞ்சாலை விவரக்குறிப்பு சொல்லும் வழக்கமான அமைப்பை எடுத்துக்கொள்வோம். 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள டபிள்யூ வடிவத் தகடு, அதன் மேல்விளிம்பு தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில். அதைத் தாங்க 150க்கு 75 மில்லிமீட்டர் அளவில், 5 மில்லிமீட்டர் தடிமனில், ஒருபக்கம் திறந்த சேனல் வடிவ எஃகுத் தூண்கள், இரண்டு மீட்டருக்கு ஒன்று. தூணின் மொத்த நீளம் 1.8 மீட்டர், அதில் 1.1 மீட்டர் மண்ணுக்குள். கண்ணுக்குத் தெரிவதைவிடத் தெரியாத பகுதிதான் நீளம். அந்த 1.1 மீட்டரில்தான் இந்தக் கட்டுரையின் விஷயம் முழுவதும் புதைந்து கிடக்கிறது.

கட்டட வேலை நடக்கும் இடத்தில், கீழே நிற்பவர் செங்கல்லைத் தூக்கிப் போட, சாரத்தில் நிற்பவர் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழகிய கை செங்கல் வந்து தொடும் கணத்தில் அதோடு சேர்ந்து சற்றுப் பின்வாங்கும். பின்வாங்காமல் விறைப்பாக நீட்டிப் பிடித்தால் விரல் நசுங்கும். தடுப்பின் வேலையும் இதுதான். 1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், தடுப்போடு 20 பாகைக் கோணத்தில் வந்து மோதுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளத்தாக்கை நோக்கிய குறுக்கு வேகம் நொடிக்கு 5.7 மீட்டர். அந்தத் திசையில் மட்டும் அடக்கவேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 24 கிலோ ஜூல். அதே காரை ஓர் ஆள் உயரத்திலிருந்து தரையில் போட்டால் எழும் ஆற்றல் அது. இதை ஒரு மீட்டர் தூரத்தில் அடக்கினால் சராசரி விசை 24 கிலோ நியூட்டன், அதாவது இரண்டரை டன். பத்து சென்டிமீட்டரில் அடக்கினால் 24 டன்னுக்கு மேல். ஆற்றல் அதேதான், தூரம்தான் குறைந்தது. ஆனால் பின்னதில் தகடு கிழியும், கார் நசுங்கும், உள்ளே இருப்பவர்களின் கழுத்து தாங்காது.

மண்ணில் நின்ற தூண் இந்தத் தூரத்தைக் கொடுக்கிறது. மோதிய கணத்தில் அது சாயத் தொடங்கி, தன் முதுகுப்பக்கத்து மண்ணைக் கலப்பைபோல் கிளறிக்கொண்டு பின்னால் போகிறது. அந்த உழவுதான் ஆற்றலை விழுங்குகிறது. தூண் இங்கே சாய்கிற நேரத்தில் தகடு கயிறுபோல் இழுபட்டு, பாரத்தை முன்னும் பின்னும் உள்ள பத்துப் பன்னிரண்டு தூண்களுக்குப் பகிர்கிறது. கார் மெதுவாகத் திசை திருப்பப்பட்டுச் சாலைக்கே திரும்புகிறது. ஆக, தூண் அசைவது குறையே அல்ல. அசைவதற்காகவே அது நடப்பட்டிருக்கிறது.

இதே தூணைப் பாறையில் அதன் அளவுக்கே துளையிட்டு, சுற்றிலும் கான்கிரீட் ஊற்றி இறுக்கிவிட்டால், உழுவதற்கு மண் இல்லை. தூணின் அடி எங்கும் நகர முடியாது. எஃகு மடங்கவேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான்: பாறையின் மேல்விளிம்பு. அந்த விளிம்பு அரிவாள்மணைபோல் நின்று தூணின் பக்கத் தகட்டை வெட்டும். சேனல் வடிவத் தூண் ஒருபக்கம் திறந்தது. பாரம் ஏறும்போது முறுக்கிக்கொண்டு நெளியும் குணம் அதற்கு உண்டு. சாதாரணக் கட்டுமான எஃகு என்று வைத்து, இந்த அளவுள்ள சேனலுக்குக் கணக்குப் போட்டால், தகட்டின் நடு உயரத்தில் ஏறத்தாழ மூன்றரை டன் தள்ளும்போது அடியில் மடங்கத் தொடங்கும். கிழியாமல் முழுதாக மடிந்தால் அதுவும் ஆற்றலை விழுங்கும்தான். ஆனால் விளிம்பில் கீறல் விட்டு முறிந்தால் எல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிடும்.

இன்னொரு தீங்கு இதைவிட நுட்பமானது. இதைக் காகிதத்தில் வரைந்து பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. மண்ணில் நிற்கும் தூண் சாயும்போது, அது சுழலும் புள்ளி தரைமட்டத்தில் இல்லை. புதைந்த நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்தில், சுமார் 70 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. பாறையில் இறுகிய தூணோ தரைமட்டத்திலேயே மடங்குகிறது. தகடு 40 சென்டிமீட்டர் பின்னால் போகிறது என்று கொள்வோம். ஆழத்திலிருந்து சுழலும் தூணில் தகடு ஆறு, ஏழு சென்டிமீட்டர்தான் கீழிறங்கும். தரைமட்டத்தில் மடங்கும் தூணில் 17 சென்டிமீட்டர் இறங்கிவிடும். 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்த விளிம்பு 53க்கு வந்தால், சக்கரம் அதன்மேல் ஏறுவதற்கு ஒரு படி கிடைத்ததுபோல் ஆகிறது. தூணையும் தகட்டையும் இணைக்கும் போல்ட் சரியான நேரத்தில் தலை உருவிக்கொண்டு தகட்டை விட்டுவிட வேண்டும் என்பது இதனால்தான். விட்டுவிட்டால் தூண் மட்டும் கீழே போகும். தகடு உயரத்திலேயே நின்று காரைப் பிடிக்கும். போல்ட் தளராமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு பெரிய வாஷர் போட்டு முறுக்கிவைப்பவர்களும், பற்றவைத்துவிடுபவர்களும் உண்டு. அந்த நல்லெண்ணம் தகட்டைத் தரையோடு கட்டிவிடுகிறது.

இதெல்லாம் வெறும் ஊகம் அல்ல. அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் சாலையோரப் பாதுகாப்பு ஆய்வகம், பாறையில் நடும் எஃகுத் தூண்களுக்கான வழிமுறையை 2003இல் வகுத்தது. மறு ஆண்டே அந்நாட்டு மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் இதைப் பற்றிய குறிப்பை மாநிலங்களுக்கு அனுப்பியது. இத்தகைய சோதனையைச் செய்யும் முறை எளிமையானது, அழகானதும்கூட. முழுக் காரை மோதவிடும் சோதனைக்குச் செலவு மிக அதிகம். அதனால் முதலில் ஒற்றைத் தூணின்மேல், சக்கரம் வைத்த கனமான சோதனை வண்டி ஒன்றை ஓட்டிவிடுகிறார்கள். வண்டியின் முகப்பில் ஓர் எஃகு உருளை. கார் மோதும் உயரத்தில், தரையிலிருந்து சுமார் 63 சென்டிமீட்டரில் தூணைத் தொடும். வேகம் மணிக்கு 32 கிலோமீட்டர் அளவில் இருக்கும். வண்டிக்குள் வைத்த கருவி, வேகம் எப்படிக் குறைகிறது என்பதை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை பதிவு செய்யும். வண்டியின் நிறையை வேகம் குறையும் வீதத்தால் பெருக்கினால் விசை. அதே பதிவிலிருந்தே தூண் எவ்வளவு தூரம் போனது என்பதும் கிடைக்கும். இரண்டையும் வரைபடமாக்கினால் அந்தத் தூணின் குணம் முழுவதும் ஒரே கோட்டில் தெரிந்துவிடும்.

நல்ல மண்ணில் நின்ற தூணின் கோடு முதல் சில சென்டிமீட்டரில் மேலேறி, பிறகு மேட்டுநிலம்போல் அரை மீட்டர் வரை சமமாக நீளும். கோட்டுக்குக் கீழே அடைபட்ட பரப்புதான் விழுங்கிய ஆற்றல். சராசரி 40 கிலோ நியூட்டன் விசை அரை மீட்டர் நீடித்தால் 20 கிலோ ஜூல். நாம் மேலே பார்த்த காரின் குறுக்கு ஆற்றலில் பெரும்பங்கை ஒரே தூண் முடித்துவிடும். பாறையில் இறுகிய தூணின் கோடு வேறு மாதிரி. ஊசிபோல் எழும், சரியும். உச்சத்தை மட்டும் பார்ப்பவர்கள் இதுவே வலுவான தூண் என்று சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள். தூணின் வலிமையைச் சோதிக்கிறோம் என்று சொல்லி உச்ச விசையை மட்டும் அளப்பது, ஓட்டப்பந்தய வீரனின் முதல் அடியை மட்டும் பார்த்துப் பரிசு கொடுப்பதற்குச் சமம்.

தீர்வு ஒன்றும் விந்தையானது அல்ல. பாறையில் துளை தூணைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். முக்கியமாகத் தூணின் முதுகுப்பக்கம், அது சாய்வதற்கு இடம் விடவேண்டும். அந்த இடத்தைக் கான்கிரீட்டால் அடைக்காமல், உதிரியான ஜல்லியால் நிரப்பவேண்டும். பாறைக்குள் மண்ணின் குணத்தைக் கொஞ்சம் கொண்டுபோய் வைக்கிற வேலை இது. அப்படிச் செய்தால் பாறையில் முழு 1.1 மீட்டர் ஆழமும் தேவைப்படுவதில்லை. மேலே எவ்வளவு மண், கீழே எவ்வளவு பாறை என்பதைப் பொறுத்து ஆழம் மாறும். சாலையோரம் முழுவதும் கான்கிரீட் தளம் போடும் இடங்களிலும் இதே தத்துவம்தான்: தூணைச் சுற்றி ஒரு சதுரத்தை விட்டுவைத்து, அதை வலுக்குறைந்த கலவையால் மூடுகிறார்கள்.

இனி ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலைக்கு வருவோம். இங்குள்ள முதன்மையான பாறை சார்னகைட். கொல்கத்தாவில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறையில் பதித்த கல்லை ஆராய்ந்த ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893இல் சூட்டிய பெயர் அது. அந்தக் கல் போனது நம் பல்லாவரம் பக்கத்திலிருந்து. நாம் கருங்கல் என்று சொல்லிவிட்டு அம்மியும் உரலும் கொத்துகிற வகையைச் சேர்ந்தது. சிதையாத சார்னகைட் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல் தாங்கும். வழக்கமான எம்-20 கான்கிரீட் தாங்குவது 200 கிலோ. ஜாக்ஹாமர் வைத்துத் தமர் அடிப்பவர்களுக்குத்தான் அதன் கடினம் தெரியும்.

ஆனால் மலைப்பாதையில் அந்தக் கல் ஒரே சீராகக் கிடைப்பதில்லை. மழையும் வெயிலும் பட்டு இந்தப் பாறை வெங்காயச் சருகுபோல் அடுக்கடுக்காக உரிகிறது. உரிந்தது மண்ணாகிறது, உரியாத நடுப்பகுதி உருண்டைப் பாறையாக அந்த மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. மழையில் சாலைவெட்டுச் சரியும்போது செம்மண்ணோடு உருண்டு வருகிற கற்கள் இவைதாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெங்கல் புயல் மழையால் இந்தப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. துளையிடும்போது அறுபது சென்டிமீட்டரில் கல் தட்டினால், அது மலையின் உடம்பா, மண்ணுக்குள் மிதக்கும் உருண்டையா என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. உருண்டையில் நட்ட தூண் கைக்கு அசையாமல் நிற்கும். ஆனால் பெரிய மோதலில் உருண்டையே பெயர்ந்துவிடலாம்.

அதைவிட முக்கியமான ஒன்று, மலைச்சாலை வெட்டப்படும் விதம். சரிவின் மேல்பக்கத்தைக் குடைந்து எடுத்த மண்ணையும் கல்லையும் கீழ்ப்பக்கத்தில் கொட்டி, கல் அடுக்கித் தாங்குசுவர் எழுப்பி அகலம் சேர்ப்பார்கள். பாறை கண்ணுக்குத் தெரிவது மலைப்பக்கம். அங்கே தடுப்பு தேவையில்லை. தடுப்பு தேவைப்படுவது பள்ளத்தாக்குப் பக்கம். அங்கே பாறை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது பத்தடிக்கு ஒருமுறை மாறும். மலையின் மூக்கு நீண்டிருக்கும் இடத்தில் பாறை தரைமட்டத்துக்கே வந்துவிடும். ஓடை மடிப்பில் இரண்டு ஆள் ஆழத்துக்குக் கொட்டிய மண் இருக்கும். ஒரே தடுப்பு வரிசை இரண்டையும் கடந்து போகிறது.

என் கவலையெல்லாம் இந்த இடத்தில்தான். ஒரு தூண் இறுகியிருப்பதோ இளகியிருப்பதோ தனித்தனியாக மிகப் பெரிய ஆபத்து இல்லை. இளகிய ஐந்தாறு தூண்களுக்குப் பிறகு திடீரென்று இறுகிய தூண் ஒன்று வருவதுதான் மிகப் பெரிய ஆபத்து. கார் இளகிய பகுதியில் மோதி, தகட்டைப் பள்ளத்தாக்குப் பக்கம் பைபோல் குழித்துக்கொண்டு முன்னேறுகிறது. அடுத்து நிற்பது அசையாத தூண். குழிந்த பைக்கும் அந்தத் தூணுக்கும் நடுவில் காரின் மூக்கு மாட்டிக்கொள்கிறது. வழுக்கிக்கொண்டு போயிருக்கவேண்டிய கார், சுவரில் நேராக மோதியதுபோல் நிற்கிறது, அல்லது சுழல்கிறது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் எட்டு போல்ட் இணைப்பு அந்த இடத்தில் வந்தால் கிழிசல் அங்கேதான் தொடங்கும். ஆகவே ஏற்காடு போன்ற மலையில் ஒரு தூணைச் சோதித்து ஒரு எண்ணைப் பெறுவதால் பயன் குறைவு. பக்கத்துத் தூணோடு ஒப்பிட்டால்தான் அந்த எண் பேசும்.

நடைமுறையில் நடக்கும் பிழை ஒன்றையும் சொல்லவேண்டும். துளை நாற்பது சென்டிமீட்டரில் பாறையைத் தொட்டு நின்றுவிட்டால், மாலைக்குள் வேலையை முடிக்கவேண்டிய அவசரத்தில் தூணின் அடியை அறுத்துவிட்டு, மேல்பகுதியைக் கான்கிரீட்டில் நிறுத்திவிடும் வழக்கம் உண்டு. மேலிருந்து பார்த்தால் எல்லாத் தூணும் ஒரே உயரம், ஒரே பளபளப்பு. இப்படி அறுத்துப்போட்ட இரும்புத் துண்டுகள் சாலையோரப் புதரில் கிடப்பதை ஒரு மலைப்பாதையில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு துண்டும் முழங்கை நீளம். எந்தத் தூணின் கால் அது என்று யாருக்கும் தெரியாது.

தூணைப் பிடுங்காமலே அதன் நீளத்தைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. தூணின் தலையில் சிறு சுத்தியலால் தட்டினால், அதிர்வு எஃகின் வழியே நொடிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் கீழே போய், அடிமுனையில் மோதித் திரும்பிவரும். 1.8 மீட்டர் தூண் என்றால் போய்வர ஒரு மில்லி நொடியில் முக்கால் பங்கு. தலையில் ஒட்டிய உணர்கருவி அந்த எதிரொலியைப் பிடித்துவிடும். எதிரொலி சீக்கிரமே வந்தால் தூண் குட்டை. கான்கிரீட்டில் இறுகிய தூணில் எதிரொலி மங்கும். ஆனால் மங்குவதே ஒரு செய்திதான்: இங்கே கான்கிரீட் இருக்கிறது, தோண்டிப் பார் என்று அது சொல்கிறது.

வலிமையைச் சோதிக்க, சோதனை வண்டி ஓடுவதற்கான இடம் மலைப்பாதையில் கிடைக்காது. மெதுவாகத் தள்ளிப் பார்க்கலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சாலையில் நிற்கும் லாரியில் செயின் பிளாக்கைக் கட்டித் தூணைச் சாலைப்பக்கம் இழுப்பதுதான் சுலபம். அப்படி இழுத்தால் சோதனைக்கு உள்ளாவது சாலைப்பக்கத்து இறுகிய தளம். மோதலில் தாங்கவேண்டியதோ பள்ளத்தாக்குப் பக்கத்து மண். தூணுக்குப் பின்னால் இரண்டடி மண்கூட இல்லாமல் சரிவு தொடங்கும் இடங்களில் இந்த இரண்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஆகவே தள்ளத்தான் வேண்டும். பாரம் ஏற்றிய டிப்பர் லாரியைக் குறுக்காக நிறுத்தி, அதன் சட்டத்துக்கும் தூணுக்கும் நடுவில், தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் ஹைட்ராலிக் ஜாக்கியைக் கிடையாக வைத்து, விசையளவியோடு தள்ளவேண்டும். ஐந்து சென்டிமீட்டருக்கு ஒருமுறை விசையைக் குறித்துக்கொண்டு, ஜாக்கி நீளம் தீர்ந்தால் குழாய்த் துண்டு வைத்துத் தொடர்ந்து, அரை மீட்டர் வரை போகவேண்டும். தூண் முறிந்து தெறிக்காதபடி முன்கூட்டியே சங்கிலியால் கட்டிவிடவேண்டும். சோதித்த தூண் வீணாகிவிடும். அதனால் தடுப்பு போடுவதற்கு முன்பே, பாறை, மண், இரண்டும் கலந்த இடம் என்று வகைக்கு இரண்டு மூன்று தூண்களை இதற்கென்றே நட்டுச் சோதிப்பதுதான் சரி. மெதுவாகத் தள்ளும்போது கிடைக்கும் விசை, மோதலில் வருவதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் பக்கத்துப் பக்கத்துத் தூண்களின் ஏற்றத்தாழ்வு அதில் ஒளிந்துகொள்ள முடியாது.

பேருந்துகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த விளக்கம் நேர்மையாகாது. 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிவந்த தனியார் பேருந்து ஒன்று, கொண்டை ஊசி வளைவில் தடுப்புச் சுவரை இடித்துக்கொண்டு கீழே உள்ள சாலையில் விழுந்தது. பல உயிர்கள் போயின. 16 டன் எடையில் நிறைந்து வரும் பேருந்து வெறும் 40 கிலோமீட்டர் வேகத்தில், அதே 20 பாகைக் கோணத்தில் மோதினாலும், குறுக்கு ஆற்றல் 115 கிலோ ஜூலை எட்டும். நாம் பார்த்த காரைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. அதன் எடைமையமும் தகட்டைவிட உயரத்தில் இருப்பதால் தடுப்பின்மேல் கவிழும். வளைவின் வெளிப்புறத்தில் கோணம் 20 பாகையோடு நிற்பதும் இல்லை. டபிள்யூ வடிவ ஒற்றைத் தகடு இதற்காக வடிவமைக்கப்பட்டது அல்ல. இந்திய சாலைப் பேரவையின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி நூலான ஐ.ஆர்.சி. 119, தடுப்பின் தாங்கும் திறனை வாகனத்துக்கும் இடத்துக்கும் ஏற்பத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்பதைத்தான் பேசுகிறது. பேருந்து இறங்கும் வளைவுகளில் உயரமான தடுப்போ, எஃகுக் கம்பி பின்னி அடித்தளத்தோடு கட்டிய கான்கிரீட் சுவரோ வேண்டும். இப்போது மலைச்சாலைகளில் வைக்கப்படும் சுழலும் உருளைத் தடுப்புகளும் தூண்களை நம்பித்தான் நிற்கின்றன. உருளை எவ்வளவு அழகாகச் சுழன்றாலும் அடித்தூணின் கேள்வி அப்படியே இருக்கிறது.

கடைசியாகத் தண்ணீர். ஏற்காட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மில்லிமீட்டர் மழை. மண்ணில் விழுந்த நீர் வடியும். கருங்கல்லில் அடித்த துளை கிண்ணம். அதில் விழுந்த நீர் எங்கும் போகாது. தூணைக் காக்கச் சதுர மீட்டருக்கு 550 கிராம் துத்தநாகம் பூசச் சொல்கிறது விவரக்குறிப்பு. ஆனால் அடியை அறுத்த தூணில் அறுத்த முனைக்குப் பூச்சே இல்லை. அந்த முனைதான் கிண்ணத்து நீரில் ஆண்டு முழுவதும் நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தவுடன் மலைப்பாதையில் நடந்துபோனால், சில தூண்களின் காலைச் சுற்றி, கான்கிரீட்டுக்கும் எஃகுக்கும் நடுவிலிருந்து, காப்பிக் கறைபோல் பழுப்பு நீர் கசிந்து தார்ச்சாலை ஓரம் வரை கோடு இழுத்திருப்பதைப் பார்க்கலாம். தள்ளிப் பார்க்கும் சோதனையை அந்தத் தூண்களிலிருந்து, அந்த மாதத்தில் தொடங்கவேண்டும்.